தேன்மொழிக்கு வைத்த ஃபிளக்ஸ்

மார்ச் 3, 2025

என் அக்காள் மகள் தேன்மொழிக்கு வெள்ளிக்கிழமை பதவி உயர்வு இன்டர்வியூ. காற்றாலை இறக்கை செய்கிற கம்பெனியில் இன்ஜினியர். இந்தியாவிலேயே பெரிய கம்பெனி. ஆசியா என்றே எழுதலாம், யார் கேட்கப் போகிறார்கள்? இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை கூப்பிட்டு இல்லையென்று அனுப்பிவிட்டார்கள். அவளிடம் வேலை பழகிய பையன்கள் இன்று அவளுக்கு மேலே. இந்தத் தடவையும் தவறினால் அப்புறம் கூப்பிடவே மாட்டார்களாம், கடைசிவரை இதே நாற்காலிதானாம். விடுவேனா? எட்டாம் வகுப்போடு நான் நின்றதற்குக் காரணம், அதற்கு மேல் எங்கள் ஊர் வாத்தியாருக்குத் தெரியாது.

மார்ச் 4

மீரா முகைதீன் கடையில் ஃபிளக்ஸ் அடிக்கச் சொன்னேன். 'உதவி மேலாளராகப் பதவி உயர்வு பெற்ற எங்கள் குலவிளக்கே!'

"ரிசல்ட் வந்துட்டா அண்ணாச்சி?"

"கல்யாணத்துக்கு முந்தித்தானே வே பத்திரிகை அடிக்கோம்? அடியும்!"

அடித்துக் கொடுத்தான்.

ஒரு பாதியில் அவளும் எழுத்தும். மறுபாதி முழுக்க நான், கைகூப்பியபடி, 'வாழ்த்தும் தாய்மாமன் ஐயம்பெருமாள்'. வாழ்த்துகிறவன் முகம் தெரிய வேண்டாமா?

மார்ச் 5

முக்கூடல் பஸ் நிறுத்தத்தில் கட்டியாயிற்று. பார்க்க ஆயிரம் பேர் கூடினார்கள். ஆடுகளைச் சேர்க்காமல்.

மார்ச் 6

கம்பெனி பஸ் அந்த வழியாகத்தான் போகும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? எவனோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு, ஜெனரல் மேனேஜர் வரை போய்விட்டது. சாயங்காலம் வந்து நின்றாள்.

"மாமா, கோட்டி புடிச்சிட்டா ஒங்களுக்கு? நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்க முன்னால உக்காருவேன்?"

"நான் வந்து ஒங்க மேனேஜர்ட்ட ஒரு வார்த்த சொல்லுதேன்ட்டீ..."

"கம்பெனி வாசல மிதிச்சீங்க, நான் ஒங்க மருமவ இல்ல!"

அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அக்காள் என் முகத்தையே பார்க்கவில்லை. நானே போய் ஃபிளக்ஸைக் கழற்றி வந்து, வைக்கோல் படப்பின் மேல் குப்புறப் போட்டேன். நல்லதுக்குத்தானே செஞ்சேன்? இப்படியா ஆவும்?

மார்ச் 7

இன்டர்வியூ. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. தோசை கணக்கில் வராது.

மார்ச் 8

நடந்ததை அக்காள்தான் சொன்னாள். ஜெனரல் மேனேஜர் செல்லில் அந்தப் படத்தைக் காட்டி, "நாங்க முடிவு பண்றதுக்கு முன்னாடி நீங்களே பண்ணிட்டீங்களே!" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம்.

இவள், "எங்க மாமா ஒரு வாரம் அவசரப்பட்டுட்டாங்க சார். நீங்க ரெண்டு வருசம் லேட்டு" என்றாளாம்.

அதற்கு ஒருத்தரும் சிரிக்கவில்லையாம். இறக்கை வார்க்கிற அச்சு விரிசல் விட்டபோது சரிபண்ணியது யார், அதைக் காட்டிப் பதவி வாங்கியது யார் என்று அப்படியே நிறுத்தாமல் கேட்டாளாம்.

எங்கள் வம்சத்து வாய். நானாக இருந்தால் மேசையையும் தட்டியிருப்பேன்.

மார்ச் 13

தகவல் இல்லை. முகைதீன் கடைப் பக்கம் போகாமல் ஊரைச் சுற்றிப் போகிறேன். நடந்தால் உடம்புக்கு நல்லது.

மார்ச் 19

மத்தியானம் போன்.

"மாமா, அந்த ஃபிளக்ஸ் இருக்கா?"

"படப்பு மேல கெடக்குட்டீ. எதுக்கு? கிழிச்சுப் போட்டுரவா?"

"கிழிச்சிராதீங்க. மறுபடி கட்டுங்க. கம்பெனி பஸ்ஸுல இருந்து பாத்தா நல்லாத் தெரியணும்."

உதவி மேலாளர் போட்ட முதல் உத்தரவு. எனக்கே!

மார்ச் 20

படப்பிலிருந்து இறக்கிக் கழுவி, தரையில் விரித்துப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து பார்த்தால் நான்தான் முதலில் தெரிவேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்து நடுவில் வெட்டினேன்.

பஸ் நிறுத்தத்தில் இப்போது தேன்மொழி மட்டும் நிற்கிறாள். என் பாதியைக் கோழிக்கூட்டின் மேல் கட்டினேன். சாயங்காலம் கோழி பிடிக்க வந்த கீரி ஒன்று, என் முகத்தைப் பார்த்ததும் திரும்பி ஓடிற்று.

இரண்டு கீரி என்றே எழுதலாம்.