சட்டத்தரணியின் கூலியைக் குறைத்தவன்

அன்பு மச்சான் யோகன்,

நீ போய் இது மூன்றாவது குளிர்காலம். உன் வழக்கு முடிந்துவிட்டது. தோற்றுவிட்டோம். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது, நீ அறிவாய்.

வயிற்றுக் குத்து என்று நீ போன ஆஸ்பத்திரி, நோவுக் குளிசை தந்து உன்னை இரண்டு தரம் திருப்பி அனுப்பியது. மூன்றாம் தரம் அம்புலன்சில் போனாய். அப்பண்டிக்ஸ் வெடித்து நஞ்சு பரவிவிட்டது என்றார்கள். என் தங்கச்சி ரஞ்சி அப்போதும் கொழும்பில், உன்னிடம் வர விசாவுக்குக் காத்திருந்தாள். கட்டியவனின் முகத்தைக் கடைசியாகக்கூட அவள் பார்க்கவில்லை.

தொலைபேசியில் அவள் கேட்டது ஒன்றுதான். "அண்ணை, எனக்குக் காசு வேண்டாம். அவரைத் திருப்பி அனுப்பினது பிழை எண்டு கோட்டிலை நீதிபதி ஒருக்காச் சொல்லட்டும். அது காணும்."

இங்கே டென்மார்க்கில், ஓகூஸ் நகரில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தேன். கெட்டிக்காரர். ஒளிக்காமல் சொன்னார்: இங்குள்ள டொக்டர்மார் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், உன் கோப்பை சுவீடனில் ஒரு நிபுணரிடம் காட்ட வேண்டும், அதற்கு நான் கைக்காசு போட வேண்டும். இல்லையென்றால் அரசின் இலவச வழக்கு உதவியில் போகலாம். அதில் அவருடைய கூலிக்கு எல்லை உண்டு. அதற்கு மேல் ஒரு சதமும் வாங்கக் கூடாது.

எல்லை என்றதும் என் கடைக்காரப் புத்தி குளிர்ந்துவிட்டது. அதிலேயே போவோம் என்றேன். யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று அவர் இன்னொரு தரம் கேட்டார். நான் சிரித்தேன். கடைக்கு வந்து, மலிவாக முடித்துவிட்டேன் என்று பெருமையும் அடித்தேன். "நீ செத்தவீட்டிலையும் விலை குறைச்சுக் கேப்பாய்" என்று நக்கலடிப்பாயே, அது உன் செத்தவீடாக இருக்கும் என்று நினைத்தாயா?

ஊரில் கட்டுப்பாட்டு விலை போட்ட சாமான் கடைகளில் எப்படிக் காணாமல் போனது என்று எனக்குத் தெரியாதா? கெட்டிக்காரர் உன் கோப்பை அலுவலகத்தில் இன்னொருவரிடம் கொடுத்தார். அவரும் நல்ல மனிசன். அந்தக் கூலிக்கு எத்தனை மணித்தியாலம் அடங்குமோ, அத்தனை உழைத்தார். கோப்பு சுவீடனுக்குப் போகவில்லை.

பிழை நிரூபிக்கப்படவில்லை என்று இங்குள்ள வைத்தியர்கள் கோட்டுக்கு அறிக்கை எழுதினார்கள். அன்றைக்கே காசோடு ஓடினேன். எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்றேன். கெட்டிக்காரர் உறையை விரலால் என் பக்கம் தள்ளினார். "இதைத் தொட்டால் என் தொழில் போய்விடும். அந்த நேரம் கேட்டேனே?" என்றார். எளியவனைச் சட்டத்தரணிமார் உரிக்கக் கூடாது என்று போட்ட எல்லை அது. யாரைத் திட்டுவது?

இப்போது இந்த நாடே தமிழர் வழக்கு என்று கதைக்கிறது. எங்கள் ஆட்கள் குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்களை அமைச்சில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டார்களாம். விசாரணை, பத்திரிகை, தொலைக்காட்சி. அதற்கு எத்தனை சட்டத்தரணிகள்! ரஞ்சியின் தாளும் அந்தக் குவியலில்தான் கிடந்திருக்கும். அவள் வந்திருந்தால் இரண்டாம் தரம் உன்னை வீட்டுக்குக் கூட்டி வந்திருப்பாளா? ஆஸ்பத்திரி வாசலில் நின்று கத்தியிருப்பாள்.

போன ஞாயிறு கேட்டாள். "அண்ணை, திருப்பி அனுப்பினதை ஆராவது கோட்டிலை வடிவாச் சொன்னவையோ?"

"ஓம், சொன்னவை."

"அப்ப ஏன் தோத்தது?"

"வெள்ளைக்காரன்ரை கோடு, பிள்ளை. அப்பிடித்தான்."

"விடுங்கோ அண்ணை. நீங்கள் ஒரு குறையும் வைக்கேல்லை."

என்னை அவள் தேற்றினாள், மச்சான்.

அகதித் தாளோடு ஊருக்குப் போக முடியாதிருந்த எனக்கு டென்மார்க் கடவுச்சீட்டு கிடைத்துவிட்டது. இந்தக் கடிதத்தை இங்குள்ள எங்கள் தமிழ் இதழுக்குக் கொடுக்கிறேன்; அது வெளிவரும் நாளில் நான் கொழும்பில் இருப்பேன். தொலைபேசியில் அல்ல, அவள் முகத்துக்கு முன்னால் இருந்து சொல்வேன்: உன் புருசனைத் தோற்க வைத்தது கோடு இல்லை, நான்தான் என்று. எழும்பிப் போ என்பாளோ, என்னவோ, தெரியாது. எதுவானாலும் ஒரு சொல் குறைக்காமல் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

அதுவரைக்கும் ரஞ்சியின் அண்ணன்,
சிவம்