வண்டிக்குள் ஒரு மூன்றடி மூலை

ஃபைபர் ஒட்டுகிற பசைக்கு ஒரு வாடை உண்டு. மூக்கில் ஏறினால் தலையைப் பிடித்துக்கொண்டு இறங்காது. வாடிப்பட்டியில் உங்கள் தம்பியின் காலிமனை முழுக்க இன்று காலையிலிருந்து அந்த வாடைதான். பாண்டி உங்கள் வண்டிக்குள் கக்கூஸ் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆமாம், உங்கள் வண்டிக்குள்தான். கட்டிலும் அடுப்பும் வேதப்புத்தகமும் இருக்கிற அதே வண்டிக்குள். நான்தான் கட்டச் சொன்னேன். பொறுக்கவில்லை என்றால் கல்லறையில் கொஞ்சம் புரண்டு படுத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் என்றால் ‘அன்புள்ள’ என்று தொடங்கவேண்டும் என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். காலையில் தாளை எடுத்து வைத்தபோது அப்படித் தொடங்கத்தான் நினைத்தேன். மத்தியானத்துக்கு மேல் கை வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

ஓய்வு பெற்ற மறுவாரமே உங்களுக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது. நான் பாடம் நடத்திய அதே மிஷன் பள்ளியில் அலுவலகக் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்த மனிதர் நீங்கள். கைபேசியில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் பெட்டிவண்டியை இழுத்துப்போய் ஆற்றங்கரையில் காப்பி போடுவதைப் பார்த்துவிட்டு, “நம்மளும் போறோம்” என்றீர்கள். பரவைப் பக்கம் லாரிகளுக்குக் கூண்டு கட்டுகிற பாண்டியைப் பிடித்தீர்கள். ஜீப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற, இரண்டு சக்கரத்தில் நிற்கிற ஒரு புதுத் தகர வீடு தயாரானது. பழங்காநத்தத்தில் நம் தெருவுக்குள் அது நுழையவே இல்லை. அதனால்தான் இங்கே கொண்டுவந்து நிறுத்தினீர்கள். ஊருக்கெல்லாம் அதை ‘கேரவன்’ என்றீர்கள். நான் ‘பெட்டி’ என்றேன், அதற்கு நீங்கள் இரண்டு நாள் பேசவில்லை.

வண்டி வந்தபிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. மெத்தைக் கடையில் நான்கு மெத்தைகளில் மாறி மாறிப் படுத்துப் பார்த்தீர்கள், ஒன்றில் தூங்கியே போனீர்கள். சன்னலுக்கெல்லாம் கொசுவலை. பேட்டரியில் ஓடுகிற காற்றாடி, கூரையில் சோலார் தகடு. சவரம் செய்யத் தனிக் கண்ணாடி, அதற்கு மேல் தனி விளக்கு. முதல் வேகத்தடையிலேயே அலமாரி திறந்து, நான் வண்டிக் கதவைத் திறந்ததும் பாத்திரமெல்லாம் என் காலில் விழுந்தது, உடனே எல்லாக் கதவுக்கும் காந்தம் வைத்தீர்கள். எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து, ரசமட்டத்தை வைத்துக் குமிழ் நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பீர்கள். “சாஞ்சு படுத்தா தலைக்கு ரத்தம் ஏறும்” என்பீர்கள். உங்கள் தலை விஷயத்தில் அம்புட்டுக் கவனம்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதுவும் பாண்டி வேலையைத் தொடங்கும் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

நம் பள்ளியில் டீச்சர்களுக்கென்று இருந்த கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது, தண்ணீர் கிடையாது. காலையில் கிளம்பினால் சாயங்காலம் வீடு வரும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் முப்பது வருடம் ஓட்டினேன். அதன் பலனாக வருடத்துக்கு இரண்டு முறை மூத்திரக் கடுப்பு, காய்ச்சல், ஊசி. போதாததற்கு முட்டி வேறு போய்விட்டது. வழியில் புதருக்குப் பின்னால் உட்காரலாம் என்றால் கால் மடங்காது. மடங்கினால் எழும்பாது. “ஒரு ஓரத்துல எனக்கு ஒரு கக்கூஸ் வச்சிருங்க. வேற எதுவும் நான் கேக்கல” என்றேன். பார்ப்போம் என்றீர்கள். ஒரு வாரம் கழித்து வந்து சொன்னீர்கள்: “நானும் பாண்டியும் டேப்பு வச்சு அளந்துட்டோம். எடம் வராது. அதுவுமில்லாம சோறாக்குற எடத்துல கக்கூஸா? சொல்லவே கூசுது.”

கூச்சத்தை விடுங்கள். அளந்துவிட்டேன் என்று சொன்னீர்கள் பாருங்கள், அதை நம்பினேன். உங்கள் கணக்கில் ஓர் அங்குலம் பிசகாது என்று பள்ளிக்கூடமே நம்பியது, நான் எந்த மூலைக்கு?

வண்டியைப் பார்த்தபோது பின்பக்க மூலையில் ஓர் அலமாரி இருந்தது. அதற்குள் நான்கு மடக்கு நாற்காலிகள். அலமாரிக்கு மேலே வேதப்புத்தகத்துக்கு ஒரு தட்டு, சின்ன நீல விளக்கு. நம் சபை பாஸ்டரை அழைத்துவந்து வண்டிக்குப் பிரதிஷ்டை ஜெபம் செய்தீர்கள். அவர் அந்த அலமாரி மேல் கைவைத்து ஜெபித்தார். அதற்குப் பிறகு நான் வாய் திறந்தபோதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகிவிட்டது. “பாஸ்டர் கைவச்சு ஜெபம் பண்ணின மூலைய இடிக்கச் சொல்றியா?”

சோழவந்தான் தோப்புக்குப் போன நாளை நாம் இருவரும் ஒருபோதும் பேசியதில்லை. இப்போது பேசுகிறேன், குறுக்கே பேச உங்களால் முடியாது.

உங்கள் நண்பர்கள் நான்கு பேரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தீர்கள். ஆற்றோரத் தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்தி, தார்ப்பாய்ப் பந்தலை இழுத்துவிட்டு, நான்கு நாற்காலியையும் விரித்தீர்கள். உங்களுக்குச் சாய்வு நாற்காலி. நான் உள்ளே கறிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். முந்தின ராத்திரியிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. “அண்ணே, என்னா வண்டிண்ணே! வீடு தோத்துச்சு போங்க” என்றார் ஒருவர். டீ குடிப்பதும் ஒவ்வொருவராக எழுந்து தென்னை மறைவுக்குப் போய் வருவதுமாக நேரம் போனது. மரத்துக்கு மரம் உங்களுக்குக் கழிப்பறைதான்.

இரண்டு மணிக்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. வாசலில் நின்று உங்களைச் சைகை காட்டிக் கூப்பிட்டேன். “என்னங்க, பக்கத்துல ஏதாச்சும் வீடு இருக்கான்னு கேளுங்க. முடியல.” மெதுவாகத்தான் சொன்னேன். நீங்கள் திரும்பி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னீர்கள்: “ஏம்ப்பா, டீச்சரம்மாவுக்கு ஒரு கக்கூஸையும் கட்டி இன்னொரு ஜீப்புல இழுத்துட்டு வந்திருக்கணும் போல!” ஐந்து பேரும் சிரித்தீர்கள். ஒருவருக்குப் புரையேறியது.

உள்ளே வந்து அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றபடியே போய்விட்டது. எத்தனை பிள்ளைகள் என்னிடம் படித்திருக்கும்? முதல் வகுப்பில் டவுசரை நனைத்துக்கொண்டு அழுகிற பிள்ளையைப் பார்த்து மற்றவர்களை ஒருநாளும் நான் சிரிக்கவிட்டதில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பிலிருந்து கவிழ்த்துக்கொண்டேன். சத்தம் கேட்டு ஓடிவந்தீர்கள். “அறிவிருக்கா? பிளைவுட்டு ஊறிப்போகும்டி!” என்று துண்டை எடுத்துத் தரையைத் துடைத்தீர்கள். துடைத்துவிட்டு அந்தத் துண்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனீர்கள். என்னைப் பார்த்தீர்கள். வெளியே போய், “ஒண்ணுமில்லப்பா, கொடம் சாஞ்சிருச்சு” என்றீர்கள். அந்த ஒரு பொய்க்கு மட்டும் நான் நன்றியாக இருந்தேன்.

சாயங்காலம் கிளம்பும்போது ஜீப்பில் நான் உட்காரும் முன் இருக்கையில் செய்தித்தாள் விரித்தீர்கள். இரண்டு மடிப்பாக, ஓரத்தையெல்லாம் இழுத்துவிட்டு, சுருக்கமில்லாமல். நான் அதன்மேல் உட்கார்ந்து வந்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பார்க்க வந்தவர்களிடம் “வயசாச்சுல்ல” என்றீர்கள்.

பிறகு நான் அந்த வண்டியில் ஏறவில்லை. நீங்கள் அதைச் சீர் செய்துகொண்டே இருந்தீர்கள். பந்தலுக்கு விளக்குச் சரம் வந்தது. பாட்டுப்பெட்டி வந்தது.

உங்களுக்குப் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் விழுந்தபோது நான்தான் எல்லாம் செய்தேன். கழுவினேன், துடைத்தேன், மாற்றினேன். முகம் சுளிக்கவில்லை. ஒருநாள் குழறிக் குழறிக் கேட்டீர்கள்: “ஒரு தடவ ஆத்தங்கரைக்குப் போயிட்டு வந்துருவோம்மா. அந்த மூலையில எனக்கு ஒண்ணு வச்சிரலாமா?”

“எடம் வராதுங்க. நீங்கதான அளந்தீங்க” என்றேன். “பாஸ்டர் வேற கைவச்சிருக்காரு.”

உங்கள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. உடம்பு முடியாததால் என்று நினைத்தேன்.

ஆனாலும் அழைத்துப்போனேன். உங்கள் தம்பி ஓட்டினார். அதே தோப்பு. நண்பர்கள் நான்கு பேருக்கும் நானே போன் போட்டு வரச் சொன்னேன். பந்தலுக்குக் கீழே உங்கள் சாய்வு நாற்காலியைப் போட்டு, உங்களை இறக்கி உட்காரவைக்கும் முன், எல்லாரும் பார்க்க, அதன்மேல் செய்தித்தாளை விரித்தேன். இரண்டு மடிப்பாக. ஓரத்தை இழுத்துவிட்டேன். நண்பர்கள் தரையைப் பார்த்தார்கள். நீங்கள் தாளைப் பார்த்தீர்கள், பிறகு என்னை. உங்கள் கண் நிறைந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்? விருந்து சாப்பிட்ட மாதிரி வயிறு குளிர்ந்தது.

அன்று வீட்டுக்கு வந்து படுக்கையில் கிடத்தியதும் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். “இம்புட்டு நாளா மனசுல வச்சிருந்தியா?” என்றீர்கள். ஆமாங்க என்றேன். “எடம் இருந்திருந்தா வச்சிருப்பேம்மா. சத்தியமா எடம் இல்ல. நீ அம்புட்டுக் கஷ்டப்படுவன்னு எனக்குத் தெரியாது. மன்னிச்சிரு.” ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினீர்கள். இடமே இல்லாத பெட்டியில் மனிதர் என்னதான் செய்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரியாமல் செய்தவர் என்று சொல்லிக்கொண்டேன். “மன்னிச்சிட்டேங்க” என்றேன். மனதாரச் சொன்னேன். செய்தித்தாளுக்காக நானும் மன்னிப்புக் கேட்டேன், அழுதேன். அந்த ஞாயிறு பாஸ்டர் வீட்டுக்கே வந்து அப்பமும் திராட்சைரசமுமாகத் திருவிருந்து கொடுத்தார். இருவரும் ஒரே கிண்ணத்தில் வாங்கினோம். அடுத்த வாரம் நீங்கள் போய்விட்டீர்கள்.

அடக்க ஆராதனையில் பாஸ்டர், மனைவி சுகமாகப் பயணம் போகவேண்டும் என்று சக்கரத்தின் மேல் வீடு கட்டிய மனிதர் என்று உங்களைச் சொன்னார். நான் தலையாட்டினேன். எனக்கு அது பொய்யாகக்கூடத் தோன்றவில்லை. மன்னித்தவளுக்கு எல்லாம் கொஞ்சம் நல்லதாகவே தெரியும்.

ஓய்வு பெற்ற டீச்சர்கள் இரண்டு பேர், தூத்துக்குடிக் கடலுக்குப் போகலாமா என்று கேட்டார்கள். அவர்களுக்கும் என் கதைதான். அதனால்தான் பாண்டியைக் கூப்பிட்டேன். “கட்டில சின்னதாக்கிக்கிருவோம் பாண்டி. அந்த மூலையில எடம் வராதுன்னு நீங்களும் சாரும் அளந்தீங்கள்ல” என்று, காலையெல்லாம் வெளியே தொட்டியை ஒட்டிக்கொண்டிருந்தவரிடம் இன்று மத்தியானம் சொன்னேன்.

பாண்டி கையிலிருந்த பசை டப்பாவைக் கீழே வைத்தார். “எடம் வராதா? நான் எப்ப மேடம் சொன்னேன்? மூணடிக்கு மூணடி தாராளமா வருமே. சார் குடுத்த மொதப் பிளான்லயே இருந்துச்சே.”

தன் வண்டியிலிருந்து பழைய கோப்பு ஒன்றை எடுத்து வந்தார். உள்ளே உங்கள் கையெழுத்து. அளவுகோல் வைத்துப் போட்ட படம். பின்பக்க மூலை, மூன்றடிக்கு மூன்றடி, ‘கழிப்பறை, அவளுக்கு’. இருக்கையின் உயரம் பதினெட்டு அங்குலம், பக்கத்தில் பொடி எழுத்தில் ‘முட்டி மடங்காது’. வலது பக்கம் பிடித்து எழ ஒரு கம்பி. கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும், ‘உள்ளே விழுந்தால் தூக்க’. ‘தண்ணீர் குடிக்கவே பயப்படுகிறாள், தொட்டி பெரியதாக வை.’ என்னைப் பற்றி அம்புட்டும் தெரிந்த ஒருவர் போட்ட படம் அது. டாக்டருக்குக்கூட நான் அவ்வளவு விளக்கமாகச் சொன்னதில்லை.

அதன் குறுக்கே, அலுவலகத்தில் நீங்கள் அடிப்பதுபோலவே, அளவுகோல் வைத்து ஒரு சிவப்புக் கோடு. கோட்டின் ஓரத்தில் உங்கள் சுருக்கொப்பம். கீழே: ‘தேவையில்லை. நாற்காலி 4 வைக்க அலமாரி.’

“நாந்தான் கேட்டேன் மேடம், டீச்சர் கோவிச்சுக்க மாட்டாங்களா சார்னு” என்றார் பாண்டி. “‘அவ ரெண்டு நா மொனங்குவா, அப்புறம் சரியாயிருவா. நாலு பேரு வந்தா உக்கார வேணாமா’ன்னாரு.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவர், வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டார்.

தெரியாது என்று சொன்னீர்கள். இடம் இல்லை என்று சத்தியம் செய்தீர்கள். சாகப்போகிற மனிதர், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள், அந்த வாயாலேயே திருவிருந்தும் வாங்கினீர்கள். என் கஷ்டம் எதுவுமே தெரியாத ஒரு முரட்டு மனிதரோடு வாழ்ந்தேன் என்றால் எனக்கு வலிக்காது. நீங்கள் எல்லாம் தெரிந்தவர். தெரிந்து, அளந்து, படம் போட்டு, பிறகு அடித்தவர். நான் மன்னித்தது அந்தத் தெரியாத மனிதரை. அப்படி ஒருவர் நம் வீட்டில் இருந்ததே இல்லை. அதனால் அன்றைக்குச் சொன்ன சொல்லை இந்தக் கடிதத்தோடு திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நான் கேட்ட மன்னிப்பையும் சேர்த்து.

பாண்டி வேலையை முடித்துவிட்டார். புதன்கிழமை கடலுக்குப் போகிறோம், வழியெல்லாம் தண்ணீர் குடிக்கப்போகிறோம்.

அதற்கு முன்னால் ஞாயிறு வருகிறது, திருவிருந்து ஞாயிறு. ஒருவர்மேல் மனத்தாங்கல் வைத்துக்கொண்டு அந்தக் கிண்ணத்தைத் தொடக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். இனி எத்தனை ஞாயிறோ, தெரியாது. பாஸ்டர் கவனிப்பார். வீடு தேடி வந்து, என்னம்மா காரணம் என்று கேட்பார். நீங்கள் சிவப்புக் கோடு அடித்த தாளை அவர் கையில் கொடுத்து, தோப்பில் நடந்ததிலிருந்து சொல்லிவிடுவேன்.