மண்புழுத் தீர்மானம்

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் தூறல். எங்கள் எட்டு வீட்டு அடுக்ககத்தின் சங்கம் இன்று ஒரு மணி நேர விவாதத்துக்குப் பின் ஒருமனதாக முடிவெடுத்தது: மழைக்காலத்தில் மண்புழுக்கள் கார் நிறுத்துமிடத்துக்கு வரக்கூடாது. புழுக்கள் தரப்பில் யாரும் கலந்துகொள்ளவில்லை.

வழிமுறை: பின்பக்கம் புங்கமரத்தடி மண் முழுக்கச் சிமெண்டுத் தளம். வெள்ளியன்று வேலை. தலைவர் ரகுராமன் (மூன்றாம் மாடி) முன்மொழிய, செயலாளராகிய நான் கையெழுத்திட்டேன். எங்கள் வீடு தரைத்தளம்.

மலர் கேட்டாள்: "போன வருஷம் தண்ணி வாசப்படி வரைக்கும் வந்து நின்னுச்சே. தளம் போட்டா எங்கங்க போகும்?"

சுத்தமாக இருக்கும் என்றேன். மனைவி கேட்டது அதுவல்ல.

வாங்க வேண்டியவை: தோசை மாவு, மெழுகுவத்தி, கொசுவத்தி.

நவ. 5, புதன்

வெயில். அளவெடுக்க ஏழுமலை வந்தார். கொத்து வேலை, குழாய் வேலை இரண்டும். பருத்திப்பட்டுக்காரர்.

"புழு உன்ன இன்னா சார் பண்ணிச்சு? கார இஸ்துகினு பூடுதா?"

தலைவர் மகள் செருப்பில் ஒன்று ஏறிவிட்டது என்றேன். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

மரத்தடியைக் காலால் அமுக்கிப் பார்த்தவர், மிச்சக் குழாயில் இரண்டு துண்டு அறுத்தார். ஒன்றைச் சருகுக்கடியில் தட்டி இறக்கினார். இன்னொன்றை ஸ்கூட்டர் ஏறி ஏறி இறுகிய மண்ணில். இரண்டிலும் ஒரு சொம்பு தண்ணீர்.

மரத்தடி: சொம்பைக் கீழே வைப்பதற்குள் காலி. இன்னொரு சொம்பு. அதுவும்.

ஸ்கூட்டர் மண்: டீ குடித்துவிட்டு வந்தோம். தண்ணீர் அப்படியே. ஓர் எறும்பு நீந்திக்கொண்டிருந்தது.

"கீய எம்மாம் ஓட்ட கீது பாரு சார். இத்தப் போயி மூட சொல்றியே."

ஒரு மண்வெட்டி அள்ளிக் காட்டினார். பென்சில் பருமனில் புழுக்கள் போட்ட துளைகள், உட்சுவர் மெழுகியதுபோல் வழவழப்பு. செத்த வேர்கள் விட்டுப்போன குழாய்கள். தலைமுடியைவிட மெல்லிய வெள்ளைப் பூஞ்சை இழைகள், மண்ணைச் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கோத்து வைத்திருந்தன. எலும்பு கிடையாது, கண் கிடையாது, சங்கம் கிடையாது. போன வருஷத் தண்ணீரை வாசப்படி தாண்டாமல் நிறுத்தியது இவைதான்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நவ. 6, வியாழன்

இரண்டு கண்ணாடி டம்ளர், இரண்டு மண்கட்டி. தண்ணீரில் போட்டதும் ஸ்கூட்டர் மண் பொலபொலவென்று சரிந்து சேறானது. மரத்தடிக் கட்டி கொஞ்சம் குமிழி விட்டது. மூச்சு விடுகிறதோ என்று தோன்றியது. அவ்வளவுதான், உடையவில்லை. மதியமும் பார்த்தேன். மாலையும்.

"ஏங்க, அது விருந்தாளிங்களுக்கு எடுக்கிற டம்ளரு." சொல்லிவிட்டு மலரும் பக்கத்தில் நாற்காலி போட்டாள்.

ஏழு மணிக்கு இரண்டையும் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடி. ரகுராமன் வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கே சிலிர்க்குது சார். ஆனா தீர்மானத்த ரத்து பண்ண ஏழு நாள் நோட்டீஸ் வேணுமே. விதி பதினொண்ணு."

விதி பதினொன்றை எழுதியவன் நான். நல்ல தமிழில் இருக்கிறது என்று அப்போது பாராட்டினார்கள்.

இறங்கும்போது மின்தூக்கியில் யாரோ: "தரைத்தளத்து சார் கையில இன்னாது, மோரா?"

நவ. 7, வெள்ளி

கருமேகம். காலை எட்டுக்குக் கலவை இயந்திரம். நான்கு மணிக்கு முடிந்தது. மரத்தைச் சுற்றி ஒரு முழம் மட்டும் ஏழுமலை மண்ணாக விட்டிருந்தார்.

"மறந்துட்டேன்னு சொல்லிக்க சார். கேட்டா நா பாத்துக்கறேன்."

பலகையில் நோட்டீஸ் ஒட்டினேன்: 14ஆம் தேதி, மறுபரிசீலனைக் கூட்டம்.

நவ. 9, ஞாயிறு

நேற்று மதியம் பிடித்த மழை, விடவில்லை. கூடத்தில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல். அரிசி மூட்டையும் துணிமணியும் கட்டில்மேல். மிக்சி அலமாரியில். டம்ளர் ஃப்ரிட்ஜ்மேல், கட்டி இன்னும் கரையவில்லை. மலர் வாளியால் இறைத்துக்கொண்டிருக்கிறாள்.

கார் நிறுத்துமிடம் போய்ப் பார்த்துவந்தேன். புழுக்கள் இல்லை.