துடைத்த தரையில் ஏற்றிய விளக்கு

என் நெஞ்சை விட்டு நீங்காத சரோஜா அக்காவுக்கு,

நீங்கள் விழுந்த அதே பூஜையறை வாசலில், போன வெள்ளிக்கிழமை எனக்கும் கால் வழுக்கியது. கதவைப் பிடித்துக்கொண்டேன், விழவில்லை. ஆனால் அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர்கள் நாம் இருவர்தான். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

மறுநாளே தண்டலம் பக்கம் போய் எலும்பு டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு மெலிந்துவிட்டதாம். மாதவிலக்கு நின்றபின் பல பெண்களுக்கு இப்படி ஆகுமாம், வலியே தெரியாதாம். நின்றதும் "அப்பாடா, தொல்லை விட்டுச்சு"ன்னு நாம சிரிச்சோமே அக்கா!

உங்களைப் பற்றியும் சொன்னேன். "விழறதுக்கு முன்னாடி வேற எலும்பு உடைஞ்சிருந்ததா? உயரம் குறைஞ்சுதா?" என்று கேட்டார். சும்மா தடுக்கி மணிக்கட்டு உடைந்ததற்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தீர்களே, அது ஞாபகம் வந்தது. உங்கள் பாவாடையெல்லாம் தரையில் புரண்டபோது "நாடா தளந்து போச்சு, துணி சரியில்ல"ன்னு கடைக்காரனைத் திட்டிக்கொண்டே மடித்துத் தைத்தோம். பாவாடை நீளவில்லை அக்கா. நீங்கள்தான் குறைந்துகொண்டு வந்திருக்கிறீர்கள்.

மாத்திரை, ஊசி, வெயிலில் நடை எல்லாம் எழுதிக் கொடுத்தார். "முதல்ல தரையில ஈரம் இருக்கக் கூடாது" என்றார். அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமை கழுவிவிட்ட வீட்டை விளக்கேற்றும் முன் துடைத்தால் லட்சுமி போய்விடுவாள் என்பது நம் மாமியார் சொல்லிப் போனது. நீங்கள் மீறவில்லை. நானும் இதுவரை மீறியதில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் வீட்டைக் கழுவிவிட்டுத் துடைத்தேன். காய்ந்த துணியால், மூலை முடுக்கு விடாமல். உங்கள் கொழுந்தனார் ஷிப்டு முடிந்து ஒரகடம் ஃபேக்டரியிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாடி இது, விளக்கு ஏத்தாம தொடச்சிகினு கீற? புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

"உங்க லைன்ல எண்ணெய் ஒரு சொட்டு சிந்தினா இன்னா பண்ணுவீங்க?"

"நிறுத்தித் தொடைப்போம். அது மெஷின் ஓடற எடம். இது சாமி கீற வூடு."

"சாமி கீற வூட்லதாங்க அக்கா விழுந்தாங்க."

அண்ணி என்றால் அவருக்குத் தாய்க்குச் சமம், உங்களுக்குத் தெரியாததா? இடுப்பு உடைந்து படுத்தவர் எழுந்திருக்கவே இல்லையே என்று உங்கள் பாடையைச் சுமந்த அன்று அவர் அழுத அழுகையை நான் பார்த்தேன்.

விளக்கேற்றிக் கற்பூரம் காட்டினேன். அவர் வரவில்லை. கற்பூரம் அணையப் போகும் நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். வாசற்படியில் நின்று, காலால் தரையை ஒரு முறை தடவிப் பார்த்தார். பிறகுதான் உள்ளே வந்து கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

லட்சுமித் தாயார் கோபித்துக்கொள்வாளா அக்கா? ஒரு பெண் இடுப்பொடிந்து கிடந்தால்தான் இந்த வீட்டில் தங்குவேன் என்று அவள் கேட்டிருப்பாளா? பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வருகிற வெள்ளியும் துடைத்துவிட்டுத்தான் விளக்கேற்றுவேன். இந்த வீட்டில் இன்னொருத்தி விழ விடமாட்டேன். இது அவள்மேல் ஆணை.

உங்களைக் கூடப்பிறந்தவளாகவே நினைத்த,
உங்கள் ஓரகத்தி
மல்லிகா
பிள்ளைப்பாக்கம்