சீட் பெல்ட் பெஞ்சு

மார்ச் 3
எடுத்துக்கொண்டார்கள்! கைவேலைத் திருவிழாவில் என் பெஞ்சுக்கு இடம் உண்டு. பெஞ்சுதான் இன்னும் இல்லை. மரச்சட்டம் இருக்கிறது. உடைத்த கார்களிலிருந்து கழற்றிய சீட் பெல்ட்டுகள் கழுவிக் காய்கின்றன. ஒரு சாண் அகலத்துக்கு ஒரு மாதிரி பின்னி, அடிப்பக்கம் நூலால் முடிச்சிட்டுப் படம் அனுப்பியிருந்தேன், அதற்கே சரி என்றுவிட்டார்கள்.

நன்றாக வந்தால் பொதுப் பட்டறையில் ஒரு வருடத்துக்கு ஒரு மேசை தருவார்களாம். அது எனக்கு வேண்டும். மாமனாருக்கு முழங்கால் முடியவில்லை, மாடி ஏற மாட்டார். அடுத்த மாதம் நான் வேலை செய்கிற பின்னறை அவருக்கு. நியாயம்தான். ஆனால் அப்புறம் நான் எங்கே உட்கார்ந்து பின்னுவது? அடுப்படியிலா?

மார்ச் 7
நாத்தனாரையும் வேலையில் இறக்கிவிட்டேன். இடது கைக்காரி. வீட்டில் எல்லோருக்கும் அவள் 'நொட்டாங்கை'தான். அவள் அந்தக் கோடியிலிருந்து, நான் இந்தக் கோடியிலிருந்து. நடுவில் சந்திப்பதாக ஏற்பாடு.

"ரெண்டு பேரும் சுரங்கம் தோண்டுறீங்களா?" என்றார் என் வீட்டுக்காரர். நக்கலுக்குக் குறைச்சலே இல்லை.

மார்ச் 12
சந்தித்தோம். நாசம்.

ஒரு பட்டை மேலே போனால் அடுத்தது கீழே போக வேண்டும். நடுவில் அவள் பட்டையும் என் பட்டையும் சேர்ந்து மேலே போகின்றன, சேர்ந்து கீழே இறங்குகின்றன. வகிடு எடுத்த மாதிரி குறுக்கே ஒரு கோடு. எனக்கு வந்ததே கோபம்!

"பாத்துப் பின்ன மாட்டியாடி? எல்லாம் நொட்டாங்கை வேலை!"

"மாதிரியப் பாத்துதான் பின்னுனேன் அண்ணி." அவ்வளவுதான் சொன்னாள். மாடிக்குப் போய்விட்டாள்.

மார்ச் 13
அவள் பாதியைப் பிரிக்கலாம் என்று மாதிரியைக் கையில் எடுத்தேன். முடிச்சு என்னைப் பார்த்தது. முடிச்சு இருப்பது அடிப்பக்கம். அய்யோ.

நான் கார் சீட் உறை தைக்கிறவள். நாள் முழுக்க உள்பக்கத்தை வெளியே வைத்துத்தான் தைப்பேன். அதே பழக்கத்தில் மாதிரியையும் புரட்டி வைத்துக்கொண்டு பின்னியிருக்கிறேன். தப்பாக வந்தது என் பாதிதான்!

எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மாடி ஏறுவேன்?

மார்ச் 14
ஏறினேன்.

"தப்பு என்னோடதுதான். மாதிரியப் பொரட்டி வச்சுட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சா சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

மார்ச் 15
தனியாகப் பிரிக்கிறேன். ஒரு நகம் பெயர்ந்துவிட்டது. விட மாட்டேன்.

மார்ச் 16
என் பாதி முழுக்கப் பிரித்தாகிவிட்டது. திரும்பப் பின்ன உட்கார்ந்தேன். அவள் வந்து நின்றாள்.

"நகருங்க அண்ணி. மிச்சத்தையும் என் பக்கத்துலேருந்தே பின்னிட்டு வர்றேன். நீங்க இழுத்துப் பிடிங்க, போதும்."

நகர்ந்தேன். இழுத்துப் பிடித்தேன். எதிரே உட்கார்ந்துதான் முதல்முறையாக அவள் கையைப் பார்க்கிறேன். என்ன கை அது! பட்டை ஒரு இடத்தில்கூட முறுக்கிக்கொள்ளவில்லை. எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

மார்ச் 21
விழா. இங்கே எதையும் தொடலாம். உலோகப் பூவைத் திருகலாம், காகிதத் தொப்பியைப் போட்டுப் பார்க்கலாம், பெஞ்சில் உட்காரலாம். ஒரு கனத்த மனிதர் 'தொம்' என்று உட்கார்ந்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. பெஞ்சு முனகக்கூட இல்லை.

விழா நடத்துகிற அம்மா புடவையோடு தரையில் படுத்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். "அடியிலயும் இவ்வளவு சுத்தமா இருக்கே! யாரு பின்னுனது? பட்டறையில மேசை, பெஞ்சப் பின்னுனவங்களுக்குத்தான், ஒரே ஒருத்தருக்கு."

விண்ணப்பம் என் பெயரில். நாத்தனார் என்னைக் கையால் காட்டினாள்.

'நான்தான்' என்று வாய் வரைக்கும் வந்தது. ஒரு பட்டைகூட என்னுடையது இல்லையே—

"இவதாங்க பின்னுனா," என்றேன். "நான் இழுத்துப் பிடிச்சேன்."

மார்ச் 22
மேசை அவளுக்கு. வயிறு எரிகிறது. ஆனாலும் சொன்னதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 6
பின்னறையில் மாமனாரின் கட்டில் வந்துவிட்டது. அது வந்த கையோடு என் கத்தரியையும் அளவு நாடாவையும் பைக்குள் போட்டு, வேலை முடிந்து நேராகப் பொதுப் பட்டறைக்குப் போனேன்.

"யாரும்மா நீங்க? இங்க உங்களுக்கு என்ன வேலை?" என்றார் வாசல் காவல்காரர்.

நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து நாத்தனார் குரல் வந்தது: "எங்க அண்ணிதான், அண்ணே. அவங்க இழுத்துப் பிடிக்காம நான் ஆரம்பிக்க மாட்டேன்."

மேசையில் மாதிரி இருந்தது. முடிச்சு கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.