பச்சை பூசிய அடிபம்பு

அன்புள்ள உங்களுக்கு,

வழக்கம்போல ‘இங்கு நலம், அங்கு நலமா’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முதல் பாதியைப் பொய்யில்லாமல் எழுத வரவில்லை. அதனால் உங்கள் நலத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முட்டிவலி எப்படி இருக்கிறது? சின்னவன் பள்ளிக்கூடம் போகிறானா, இல்லை அப்பாவும் பிள்ளையும் ஹோட்டல் சாப்பாட்டிலேயே காலத்தை ஓட்டுகிறீர்களா?

பெரியவளை வெள்ளிக்கிழமை விமானத்தில் தனியாக அனுப்புகிறேன். லீவு முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்று போனில் கேட்டீர்கள். நான் மழுப்பினேன். அவள் பக்கத்தில் இருந்தாள். எங்களுக்கு இங்கே ஒரே அறை. இரண்டு கட்டில், நடுவில் சோதனைப் பெட்டிகள், கட்டிலுக்கு அடியில் பெயின்ட் டப்பாக்கள். முணுமுணுத்தால்கூடக் கேட்கும்.

போன வருஷம் நாங்கள் செய்த வேலை உங்களுக்குத் தெரியும். அடிபம்புத் தண்ணீரில் ஆர்சனிக் விஷம் எவ்வளவு இருக்கிறது என்று நான் சோதனைக் காகிதத்தின் நிறம் பார்த்து நம்பர் சொல்வேன். அவள் அதை நோட்டில் எழுதிவிட்டுப் பம்பின் கழுத்தில் பெயின்ட் அடிப்பாள். விஷம் என்றால் சிவப்பு, குடிக்கலாம் என்றால் பச்சை. பதினாறு வயசுப் பெண்ணை எதற்கு நாடு விட்டு நாடு இழுத்துக்கொண்டு போகிறாய் என்று நீங்களும் உங்கள் அக்காவும் என்னோடு மல்லுக்கு நின்றீர்கள். நாலு பேருக்கு உபயோகமாக இருக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று பெரிய இவளாட்டம் பேசினேன். அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பம்புகளுக்குப் பெயின்ட் அடித்தாள், ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை.

இந்தத் தடவை வந்து இறங்கியதும் எங்கள் இருவருக்கும் பெருமை பிடிபடவில்லை. தையல்கடைக்கு எதிரே உள்ள பச்சைப் பம்பில் விடிந்ததிலிருந்து வரிசை நின்றது. சிவப்பு அடித்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் தங்கள் பம்பை விட்டுவிட்டு அங்கேதான் வருகிறார்களாம், எழுபது குடும்பம். தையல்காரம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். டிரைவர்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளரும். ‘பச்சைப் பொண்ணு வந்துட்டா’ன்னு சொல்றாங்க என்றார். அதுவே இவளுக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது.

போன திங்கட்கிழமை, எங்களை இங்கே அனுப்பிய சங்கத்தின் ஆய்வுக்கூடத்திலிருந்து, இந்தத் தடவை எடுத்த தண்ணீரை மெஷினில் பார்த்த முடிவு வந்தது. அந்தப் பச்சைப் பம்பில்தான் விஷம் அதிகம். அவர்கள் கைவிட்ட சிவப்புப் பம்புகளில் இருப்பதைப் போல நாலு மடங்கு. ஒரு வருஷமாக எழுபது குடும்பம் அதைக் குடித்திருக்கிறது. தையல்காரம்மாவின் குழந்தைக்கு மூன்று வயது. பால் மறக்கடித்ததிலிருந்து அதுதான் தண்ணீர்.

சங்கத்தின் மேலாளர் எங்கள் எல்லாரையும் கூட்டி வைத்துக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் இவள் நோட்டை விரித்துக்கொண்டு எழுந்து நின்றாள். “நான்தான் சார் நம்பர மாத்தி எழுதிட்டேன். இங்க அடிச்சுத் திருத்தியிருக்கு பாருங்க. அம்மா சரியாத்தான் சொல்லியிருப்பாங்க” என்றாள். மேலாளர் திட்டவில்லை. சின்னப் பெண்தானே என்று சொல்லி, ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்றார்.

அவள் அடித்துத் திருத்தியது தெருப்பெயரை. நம்பர் நான் சொன்னபடி சரியாகத்தான் இருக்கிறது.

அந்தப் பம்பைப் பார்த்தது போன வருஷ வேலையின் கடைசி நாள், கடைசிப் பம்பு. மருந்து போட்டுவிட்டு இருபது நிமிஷம் காத்திருந்துதான் காகிதத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். படகுத்துறையை மூடிவிடுவார்கள் என்று டிரைவர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். எட்டாவது நிமிஷத்தில் எடுத்துவிட்டேன். விஷம் என்றால் நிறம் ஏறும்; வெளுப்பாகத்தான் இருந்தது. பச்சை அடி என்றேன். நேரம் ஆகவில்லையே அம்மா என்றாள். இருபது வருஷமாக ஆஸ்பத்திரி லேப்பில் நிற்கிறேன், எனக்கே சொல்லித் தருகிறாயா என்று அவள் வாயை அடைத்தேன். அவள் அதை மறந்துவிட்டாளா, தெரிந்தே என்னைக் காப்பாற்றுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. எது என்றாலும் என்னால் தாங்க முடியாது.

மேலாளர் கூட்டிய கூட்டத்தில் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நான் ஒப்புக்கொண்டால் மற்ற பம்புகளையும் யாரும் நம்பமாட்டார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சப்பைக்கட்டு. வெட்கம்தான் காரணம். இப்போதும் யாரும் நம்பவில்லை. தெருவில் சிவப்பு, பச்சை எல்லாவற்றின் மேலும் வீட்டுக்கு அடித்து மிஞ்சிய நீலத்தைப் பூசிவிட்டார்கள். தண்ணீர் மட்டும் பழக்கத்தில் அதே பம்பில்தான் பிடிக்கிறார்கள்.

கூட்டத்துக்கு மறுநாள் தையல்காரம்மா எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். குழந்தை இடுப்பில் இருந்தது. டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “கோபமெல்லாம் இல்லையாம். இனிமே எந்தத் தண்ணியக் குடிக்கிறதுன்னு இந்தப் பொண்ணையே கேட்டுட்டுப் போக வந்தாங்களாம்.” விஷமில்லாத ஆழத்துத் தண்ணீருக்கு ஆழ்குழாய் போட இரண்டு வருஷமாவது ஆகும் என்று மேலாளர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சோதனைப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து இவள் எங்களுக்குக் கொடுக்கும் பாட்டில் தண்ணீரைத் தொடவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பம்பில்தான் பிடித்துக் குடிக்கிறாள். கெஞ்சினேன், திட்டினேன். நேற்றுக் கை நீட்டிவிட்டேன். பிறந்ததிலிருந்து அவளை அடித்ததில்லை, உங்களுக்கே தெரியும். அவள் அழவில்லை. “அவங்க எல்லாரும் குடிக்கிறாங்கல்லம்மா” என்று மட்டும் சொன்னாள். நாலு நாள் தண்ணீரால் உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் வராது என்று படித்தவளாக எனக்குத் தெரியும். பெற்றவளாகத் தெரியவில்லை. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

வந்ததும் டாக்டரிடம் காட்டுங்கள். ஏன் இளைத்துவிட்டாய் என்று கேட்க வேண்டாம். சயின்ஸ் குரூப்பை விட்டுவிடுகிறேன், இனி என்னை நம்பி யாரும் எதையும் கொடுக்கக் கூடாது என்கிறாள். அதற்கு உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

நான் மாதக் கடைசிவரை இருக்க வேண்டும். பம்புகளை மறுபடியும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், என்னையே. மேலாளரிடம் நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் நினைக்கிறேன். சொல்வேன் என்று நீங்கள் நம்ப வேண்டாம். எனக்கே நம்பிக்கை இல்லை.

இந்தக் கடிதத்தை அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கக் கூடாது என்று சின்ன வயதில் அவளைக் கண்டித்து வளர்த்தவள் நான்தான். இந்த ஒரு தடவை அவள் என் பேச்சை மீறட்டும். மீறாமல் அப்படியே உங்கள் கையில் கொடுத்தால், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

பிள்ளை நல்லபடியாக வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா