புத்தூரில் பதினோரு மணிக்கு மேல்

செவ்வாய், இரவு.

ஆட்சி மாறியதிலிருந்து பதினோரு மணிக்கு மேல் கடை திறந்திருந்தால் கேஸ். புத்தூரில் ஆஸ்பத்திரிக்கு எதிரே விடிய விடிய டீ போட்டவன் நான். ஆட்சி மாறட்டும் என்று ஓட்டுப் போட்டவனும் நான்தான்.

நேற்று ஷட்டரை இறக்கி, லைட்டை அணைத்துவிட்டுக் கடைக்குள்ளேயே படுத்தேன். யாரோ தட்டினார்கள். ஒரு பெண்ணின் குரல்.

"அண்ணே, குழந்தைக்குக் கொஞ்சம் சுடுதண்ணி வேணும்."

தெருமுனையில் போலீஸ் வண்டிச் சத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். மூன்று முறை தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

காலையில் ஃப்ளாஸ்க்கோடு வந்து நின்றாள். அதே குரல்.

"ராத்திரி கடையில யாரும் இல்லையாண்ணே?"

"பத்தரைக்கே வீட்டுக்குப் போயிட்டேம்மா."

என் செருப்பையே பார்த்தாள்.

இப்போதுதான் உறைக்கிறது. ராத்திரி முழுக்க அது ஷட்டருக்கு வெளியேதான் கிடந்தது.

இன்று செருப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறேன்.